முதுகு காட்டிய கிளி

சதுரங்கப்பட்டினத்தில் அந்த வருஷம் வலையில் விழுந்த மீனைவிடப் பந்தலில் விழுந்த மனிதர்கள் அதிகம்.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்கு வருகிற பஸ்ஸில் பாதிப் பேர் மடியில் மஞ்சள் பை. பைக்குள் கல்யாணப் பத்திரிகை. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே கேட்டுவிடுவார். "கோட்டைக்குத்தானே? சித்தர்கிட்டத்தானே? கடைசி ஸ்டாப்பிங்கு. எறங்குனதும் கும்பல் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் ஓடு." கும்பலும் ஓடியது. எங்கே ஓடுகிறோம் என்று முன்னால் ஓடியவரைக் கேட்டால், அவர் தனக்கு முன்னால் ஓடியவரைக் காட்டினார்.

கோட்டை என்றால் டச்சுக்காரன் கட்டி, இங்கிலீஷ்காரன் இடித்து, இப்போது ஆடு மேய்கிற கோட்டை. அதன் வாசலில் பந்தல். பந்தலுக்குள் மணை. மணைமேல் 'சித்திரவாக்குச் சித்தர்' எல்லப்பன். நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் உருத்திராட்சம், கையில் பூதக்கண்ணாடி. உருத்திராட்சம் ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. பூதக்கண்ணாடி அவரிடம் மட்டும்தான் இருந்தது. அதனால் அவர்தான் சித்தர்.

கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் படம் போடுவார்களே, கிளி, அன்னம், யானை, குத்துவிளக்கு என்று, அந்தப் படத்தைப் பார்த்து அந்தக் கல்யாணம் விளங்குமா விளங்காதா என்று சொல்வார். எழுத்தைப் பார்க்கவே மாட்டார். எழுத்தின்மேல் பட்டுத்துணி போட்டு மூடிவிடுவார்கள். "எழுத்து மனுஷன் எழுதுவது, பொய் சொல்லும். சித்திரம் தானாக வந்து அமர்வது, சத்தியம் சொல்லும்" என்பது அவருடைய வேதம். சித்திரத்தையும் ஒரு மனுஷன்தான் கட்டையில் வெட்டினான், இன்னொரு மனுஷன்தான் அச்சில் வைத்தான் என்று கும்பலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் பஸ் ஏறியிருக்க மாட்டார்கள்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு எல்லப்பன் ஒரு சாட்சி வைத்திருந்தார். கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. ஒரு கல்லில் மண்டை ஓடு செதுக்கியிருக்கும். ஆளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் அதைக் காட்டுவார். "கல்லில் என்ன சித்திரம்?" "மண்டை ஓடு சாமி." "கல்லுக்குக் கீழே இருப்பவன் என்ன ஆனான்?" "செத்துட்டான் சாமி." "சித்திரம் பலித்ததா இல்லையா?" வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

எல்லப்பன் பிறவிச் சித்தர் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை டூரிங் சினிமா கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தவர். மாமல்லபுரத்தில் ஒரு சுவரில் பசை தடவிக்கொண்டிருந்தபோது, "இந்தப் படத்துல ராஜா கத்திய கீழ புடிச்சிகினு கீறான், ரெண்டு நாளுக்கு மேல ஓடாது" என்று சும்மா சொல்லிவைத்தார். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டு கொட்டகை ஒழுகியது. படம் நின்றது. அப்புறம் தேர்தல் வந்தது. ஜனங்கள் படம் பார்த்து ஓட்டுப் போட்ட தேர்தல். உள்ளூரில் நின்ற மூன்று சுயேச்சைகளும் தனித்தனியாக வந்து, தங்கள் சின்னம் எப்படி என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் "ஜெயம்" என்றார். ஒருவர் ஜெயித்தார். ஜெயித்தவர் ஊர்முழுக்கச் சொன்னார். தோற்ற இருவர் வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை. ஒரு சித்தர் உருவாக இதற்குமேல் என்ன வேண்டும்?

மதுராந்தகத்தில் ஏரிக்கரைப் பக்கம் இருந்த ஒரு சின்ன அச்சாபீசில் கம்பாசிட்டராக இருந்தான் ராமதாஸ். ஈய எழுத்தை அச்சுக்குக் கோத்து, அதைத் தலைகீழாகப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவன். படங்களைப் பற்றி அவனுக்கு பயபக்தி கிடையாது. ஒரே குத்துவிளக்கு பிளாக்கை, அதாவது படம் வெட்டிய அச்சுக்கட்டையை, கல்யாணத்துக்கும் வைப்பான், புதுமனை புகுவிழாவுக்கும் வைப்பான், மண்ணெண்ணெய்க் கடை நோட்டீசுக்கும் வைப்பான். விளக்கு ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை. ஒரே பார்டரைச் சிவப்பு மையில் ஓட்டினால் காதுகுத்து, கறுப்பு மையில் ஓட்டினால் கருமாதி. மை டப்பாவைத்தான் மாற்றுவார்கள், பார்டரை அல்ல.

எனவே சித்தரின் புகழ் மதுராந்தகத்தை எட்டியபோது ராமதாஸ் சிரித்தான். மிஷின்மேன் ஏசுபாதமும் சிரித்தான். டிரெடில் மிஷினைக் காலால் மிதித்து ஓட்டுகிற ஆள் அவன். "எங்க சித்தப்பா கூட போயிட்டு வந்தாரு மச்சான். பத்திரிகைல புறா போட்டிருந்தோம். புறா பறந்து பூடும், பொண்ணும் பறந்து பூடும்னு சொல்லிட்டானாம். சர்ச்ல மூணு வாரம் ஓலை வாசிச்சு ஊருக்கே சொன்ன கல்யாணம்! திருப்பி அச்சடிச்சிகினு இருக்காரு." ஏமாறுவதில் மட்டும் நம் ஜில்லாவில் சாதியும் இல்லை, மதமும் இல்லை.

ராமதாசின் சிரித்த வாய் அவனுடைய சொந்தக் கல்யாணத்தின்போது மூடிக்கொண்டது.

பெண் கருங்குழி ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர், சம்பூர்ணம். பரீட்சைக் கேள்வித்தாள் அச்சடிக்க வந்து, அவன் கோத்த புரூஃபில் பதினொரு தப்பு கண்டுபிடித்தவள். பன்னிரண்டாவது தப்பு அவளைப் பார்த்து அவன் பல்லைக் காட்டியது. அதை அவள் திருத்தவில்லை. அவள் அம்மா செல்லம்மா செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. பேசி முடித்து, வைகாசியில் நாள் வைத்தார்கள்.

தன் கல்யாணப் பத்திரிகையை வேறு யார் கையாலும் கோக்க விடுவானா? மூன்று நாள் உட்கார்ந்தான். தலைப்பில் இரண்டு மூலையிலும் இரண்டு கிளி எதிரும் புதிருமாகப் பார்ப்பதுபோல வைக்க ஆசை. ஆனால் அச்சாபீசில் ஜோடிக் கிளியில் ஒன்று எப்போதோ தொலைந்துபோயிருந்தது. மிச்சம் ஒரே ஒரு கிளி பிளாக். அதுவும் வாலில் ஒரு சிறகு உடைந்தது. ராமதாஸ் விடவில்லை. அதே கிளியை இடது மூலையில் வைத்து முந்நூறு பத்திரிகை ஓட்டினான். பிறகு வலது மூலைக்கு மாற்றி அதே முந்நூறையும் மறுபடி ஓட்டினான். அதனால் இரண்டு கிளியும் ஒரே பக்கமாக வலப்பக்கம் பார்த்தன.

"உன் கல்யாணத்துக்கு நான் ரெண்டு தபா கால ஒதச்சேன்டா. ரெண்டு எலை சாப்பாடு போடணும்" என்றான் ஏசுபாதம்.

முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவி செல்லம்மாவிடம் கொடுத்தார்கள். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னாள். "ரொம்ப நல்லா கீது மாப்ள. சித்தர்கிட்ட ஒரு வார்த்த காட்டிட்டா நிம்மதி."

ராமதாஸ் மறுக்கத்தான் வாயெடுத்தான். ஆனால் வருங்கால மாமியார் ஒன்றைக் கேட்டு, அதை மறுத்துப் பிழைத்த மாப்பிள்ளை உலகத்தில் உண்டா? சனிக்கிழமை செல்லம்மா, சம்பூர்ணம், ராமதாஸ் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள்.

பந்தல் வாசலில் வரிசையைக் கவனித்துக்கொண்டவள் வேண்டா, எல்லப்பனின் மனைவி. இடுப்பில் ஒரு பூக்கூடை. வருகிறவர்களிடம் வரிசையாகக் கேட்டாள்.

"பேரு இன்னாமா?"

"செல்லம்மா. எம் பொண்ணு சம்பூர்ணத்துக்குக் கல்யாணம்."

"பொண்ணுக்கு நைனா வரலியா?"

செல்லம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கப்பலேறி பெனாங்கு போனாரு, திரும்பல. இருவது வருசம் ஆவுது."

"ஐயோ பாவம். எந்த அச்சாபீசுல அடிச்சீங்கோ?"

"மதுராந்தகம்."

வேண்டா பத்திரிகையை வாங்கி எழுத்தின்மேல் பட்டுத்துணியைப் போட்டாள். அதன்மேல் ஒரு செவ்வரளிப் பூ வைத்தாள். எல்லப்பன் முன்னால் கொண்டுபோய் வைத்து, "தாய் மட்டும் வந்து கீறாங்க சாமி" என்றாள்.

எல்லப்பன் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். இரண்டையும் மூடினார். கும்பல் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு எதற்குப் பூதக்கண்ணாடி என்று ராமதாஸ் நினைத்தான். நினைத்தது அவன் ஒருவன்தான்.

"கிளி!" என்றார் எல்லப்பன். "ஒரு கிளி பார்க்கிறது. மற்ற கிளி முதுகைக் காட்டுகிறது! கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போகிறது! அம்மா, இந்த வீட்டில் ஏற்கனவே ஒருவர் முதுகு காட்டிப் போயிருக்கிறாரா இல்லையா?"

செல்லம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

பரிகாரம் இருந்தது. இல்லாமல் போகுமா? பந்தலுக்குப் பின்னாலேயே சின்னையனின் 'சுபமங்கள அச்சாபீஸ்' இருந்தது. அங்கே இருக்கிற பிளாக்குகள் எல்லாம் நாற்பத்தெட்டு நாள் பூஜையில் வைத்தவை. அங்கே திருப்பி அச்சடித்தால் தோஷம் போகும். சின்னையன் எல்லப்பனுடைய மச்சான் என்பது பலகையில் எழுதவில்லை. ஆவணிவரைக்கும் ஆர்டர் நிரம்பிவிட்டதால் ஆவணிக்கு அப்புறம்தான் கல்யாணம். வைகாசியில் நாள் வைத்தவர்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியது.

பஸ்ஸில் செல்லம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டினதும்தான் பேசினாள். "கோச்சிக்காதே தம்பி. அச்சடிச்சது போவட்டும். நாளு தள்றது கூட போவட்டும். எனக்கு மனசே இல்ல. அவரு கப்பலேறப் போனப்போ நான் கடைசியா பாத்தது அவரு முதுகத்தான். எம் பொண்ணுக்கும் அது வாணாம். நான் வேற எடம் பாக்கறேன்."

காலையில் 'மாப்ள'யாகப் போனவன் சாயங்காலம் 'தம்பி'யாகத் திரும்பினான். மூன்று நாள் உட்கார்ந்து, தன் கையால் கோத்து, தன் கல்யாணத்துக்குத் தானே உலை வைத்துக்கொண்டோமே என்று வாய்விட்டு அழவேண்டும்போல இருந்தது. கம்பாசிட்டர்கள் பஸ்ஸில் அழுவதில்லை என்பதால் மூக்கை மட்டும் உறிஞ்சினான்.

திங்கட்கிழமை மத்தியானம் சம்பூர்ணம் அச்சாபீசுக்கு வந்தாள். கையில் கேள்வித்தாள். முகத்தில் கேள்வி இல்லை, பதில் இருந்தது.

"அழுதீங்களா?"

"மை பட்டுடுச்சு கண்ணுல."

"ரெண்டு கண்ணுலயுமா? சரி, கேளுங்க. அந்த ஆளு அன்னிக்கி ஒருத்தருக்குக் கல்லறைய காட்டி மண்டை ஓடு பலிச்சுதுன்னாரே. செத்தப்புறம்தானே செதுக்கினாங்க? செதுக்கினதால செத்தானா? எங்க ரெண்டாங்கிளாஸ் பசங்ககூட இத கேப்பாங்க. அப்பவே சந்தேகம் வந்துடுச்சு. அதுல இருந்து சாமிய பாக்கல. பூக்கூட வச்சிருந்த அந்தம்மா கையத்தான் பாத்துகினு இருந்தேன்."

"கையையா?"

"பரீட்சை ஹால்ல எந்தப் பையன் காப்பியடிக்கிறான்னு பாக்கணும்னா பேப்பர பாக்கக் கூடாது. எந்தப் பக்கம் கண்ணு போவுதுன்னு பாக்கணும். அவரு கண்ணு மொதல்ல படத்துக்குப் போவல. பூவுக்குப் போச்சு. எங்களுக்கு முன்னாடி ஏழு பேரு. அஞ்சு பேருக்கு அரளி. ரெண்டு பேருக்கு மல்லி. அரளி வச்ச அஞ்சும் தோஷம். மல்லி வச்ச ரெண்டும் சுபம். மல்லி வாங்கினவங்க ரெண்டு பேரும் சின்னையன் அச்சாபீஸ்ல திருப்பி அடிச்சிகினு வந்தவங்க."

ராமதாஸ் கையிலிருந்த, எழுத்துக் கோக்கும் குச்சியை மேஜைமேல் வைத்தான். அவனுக்கு இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எல்லப்பன் செய்வது வேறொன்றுமில்லை, மை டப்பா மாற்றுகிற வேலை. பார்டர் ஒன்றுதான்.

"அம்மாகிட்ட சொன்னியா டீச்சர்?"

"சொன்னேன். 'சாமிய சந்தேகப்படாதடி'ன்னு சொல்லிட்டாங்க. சொன்னா ஆவாது. காட்டணும். ஞாயித்துக்கெழம பரிகாரம் கேக்கலாம்னு அவங்கள கூட்டிகினு வரேன். நீங்க நம்ம பத்திரிகையில ரெண்ட எடுத்து அடியில அச்சாபீஸ் பேர மட்டும் வெட்டிடுங்க. ஒண்ணு எனக்கு. ஒண்ண முகம் தெரியாத ஆளு ஒருத்தர்கிட்ட குடுத்து எங்களுக்கு முன்னாடி வரிசையில நிறுத்துங்க."

ராமதாஸ் திரும்பிப் பார்த்தான். டிரெடில்மேல் கையை ஊன்றிக்கொண்டு ஏசுபாதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மூணு எலை சாப்பாடு" என்றான் ஏசுபாதம்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலில் எள் போட்டால் விழாத கும்பல். வரிசையில் ஏசுபாதம் நெற்றி நிறைய விபூதியோடு நின்றான். ராமதாஸ் பூசிவிட்டது. அவன் அம்மா மார்கரெட் பார்த்திருந்தால் அன்றைக்கே வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பாள்.

"பேரு?" என்றாள் வேண்டா.

"ஏசு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஏழுமல."

"எந்த அச்சாபீசுண்ணே?"

"இன்னாக்கா கேள்வி இது? நம்ம சின்னையண்ணன்கிட்டத்தான். போன மாசம் சாமி சொன்னாருன்னு மறுபடி அடிச்சோமே."

வேண்டாவின் கை கூடைக்குள் போயிற்று. மல்லிகை வந்தது.

எல்லப்பன் பூவைப் பார்த்தார். அப்புறம் பூதக்கண்ணாடி, அப்புறம் ஒற்றைக் கண், அப்புறம் இரண்டு கண்ணும். எல்லாம் முறைப்படி. முகம் மலர்ந்தது.

"ஆஹா! இரண்டு கிளியும் ஒரே திசையைப் பார்க்கின்றன! புருஷன் எந்த வழியோ பெண்சாதியும் அந்த வழி! ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தால் வீட்டை யார் பார்ப்பது? இது ஒரே மனம். ஒரே பாதை. நூறு வருஷம்!"

கும்பல் "ஆஹா" என்றது. பத்திரிகையின் முதுகில் ஊதா மையில் 'சுபம்' என்று முத்திரை விழுந்தது. பின்னால் நின்ற செல்லம்மா அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டாள். "குடுத்து வச்ச பொண்ணு, யாரு பெத்ததோ."

"நீ பெத்ததுதாம்மா" என்றாள் சம்பூர்ணம். அம்மாவுக்குப் புரியவில்லை.

அவர்கள் முறை வந்தது. எந்த அச்சாபீஸ் என்றதும் செல்லம்மா "மதுராந்தகம்" என்று உள்ளதைச் சொன்னாள். அரளி வந்தது. எல்லப்பன் கண்ணை மூடினார். கால் மணி நேரத்துக்கு முன் நூறு வருஷம் வாழ்ந்த கிளி அதே மணையில் வந்து உட்கார்ந்தது.

"கிளி!" என்று அலறினார். "முதுகு காட்டுகிறது! பிரிவு! கண்ணீர்!"

"சாமி," என்றான் ராமதாஸ். "ஒரு நிமிசம்." கும்பலைத் தள்ளிக்கொண்டு ஏசுபாதமும் முன்னால் வந்து தன் பத்திரிகையை மணைமேல் வைத்தான். ராமதாஸ் பட்டுத்துணியை ஒரே இழுப்பில் எடுத்தான். "யாராவது எழுத்துத் தெரிஞ்சவங்க படிங்க. ரெண்டையும்."

முன்வரிசையில் நின்ற ஒரு போஸ்ட்மேன் குனிந்தார். "சிரஞ்சீவி ராமதாஸ், சௌபாக்கியவதி சம்பூர்ணம்" என்று ஒன்றைப் படித்தார். மற்றதை எடுத்தார். "சிரஞ்சீவி ராமதாஸ்... ஏய், இன்னாபா இது? ரெண்டும் ஒரே கல்யாணம்!"

கும்பலில் ஒரு சலசலப்பு ஓடியது. எல்லப்பன் அசரவில்லை. போஸ்டர் ஒட்டியவர் அல்லவா, கிழிந்த இடத்தில் ஒட்டுப்போடத் தெரியும்.

"மூடர்களே! சித்திரம் ஒன்றுதான். சக்தி வேறு! இது பூஜையில் வைத்த பிளாக். அது வெறும் பிளாக். என் கண்ணுக்கு ஜோதி தெரிகிறது!"

கும்பல் உடனே, "அதானே! ஜோதி வேறயாச்சே" என்றது. நம் ஜனங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை போதும், மறுபடி விழுந்து கும்பிட. செல்லம்மாவின் கைகூட பாதி எழுந்துவிட்டது.

"சுபம் முத்திர போட்டதுல ஜோதி கீதா சாமி?" என்றான் ராமதாஸ்.

"ஜொலிக்கிறது!"

ராமதாஸ் சட்டைப்பையில் கையை விட்டான். ஒரு சின்னக் கட்டையை எடுத்தான். கிளி பிளாக். எல்லப்பனுடைய ஊதா மைப் பெட்டியிலேயே அதை அழுத்தி, பட்டுத்துணிமேல் வைத்துக் குத்தினான். ஒரு கிளி உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்று குத்தினான். இன்னொரு கிளி. இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன. இரண்டுக்கும் வாலில் ஒரு சிறகு இல்லை.

"பூதக்கண்ணாடிய குடுங்க" என்று எல்லப்பன் கையிலிருந்து வாங்கி போஸ்ட்மேனிடம் கொடுத்தான். "வால பாருங்கண்ணே. துணிய பாருங்க. ரெண்டு பத்திரிகையும் பாருங்க."

போஸ்ட்மேன் பார்த்தார். "எல்லாத்துலயும் வாலு மூளி!"

"இந்தக் கட்டை சின்னையன் ஆபீஸ் வாசப்படிய மிதிச்சதே இல்ல. ரெண்டும் மதுராந்தகத்துல நான் கோத்தது. எங்ககிட்ட கிளி ஒண்ணுதான் கீது. அதனால ரெண்டும் ஒரே பக்கம் பாக்குது. இதுல தோசமும் இல்ல, ஜோதியும் இல்ல. ரெண்டாவது பிளாக்கு இல்ல, அவ்ளோதான்."

"மிஷின ரெண்டு தபா மிதிச்சவன் நானு" என்றான் ஏசுபாதம், விபூதியைத் துடைத்துக்கொண்டே. "ஜோதி எங்கயாவது இருந்தா எங் கால்லதான் கீது. இன்னும் வலிக்குது."

முதல் தடவையாகக் கும்பல் சிரித்தது. சிரிக்க ஆரம்பித்தால் சித்தர்களுக்கு ஆபத்து.

"அப்போ எதுக்கு எது சொல்லணும்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று ஒருவர் கேட்டார். அந்தப் பந்தலில் ஜனங்கள் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான்.

சம்பூர்ணம் வேண்டாவின் கூடையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். பள்ளிக்கூடத்துக் குரல் வந்துவிட்டது. "மல்லிப்பூ வாங்கினவங்க கை தூக்குங்க! நீங்க எல்லாம் எங்க அச்சடிச்சீங்க?"

"சின்னையன்கிட்ட!"

"அரளி வாங்கினவங்க?"

"வெளியூர்ல!"

சொல்லி முடித்ததும் அவர்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சம்பூர்ணம் கூடையைக் கீழே வைத்துவிட்டு, துணிமேல் இருந்த கிளிகளை எல்லப்பன் பக்கம் திருப்பினாள். "சாமி, பூ இல்லாம ஒரு தடவ சொல்லுங்க. இந்தக் கிளி இன்னா சொல்லுது?"

எல்லப்பன் கிளியைப் பார்த்தார். வேண்டாவைப் பார்த்தார். வேண்டா கடலைப் பார்த்தாள்.

கிளி ஒன்றும் சொல்லவில்லை. சித்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தலில் அன்றைக்குத்தான் உண்மை மட்டும் பேசப்பட்டது.

அப்புறம் எல்லப்பனிடமிருந்து செந்தமிழ் கழன்று விழுந்தது. "நான் இன்னாபா பண்ணேன்? படம் பேசும்னு நீங்கதான் பஸ்ஸேறி வந்தீங்கோ. அதுக்கு வாயில்ல. நான் வாயி குடுத்தேன். நான் செவுத்துல ஒட்டினப்போ கூட அப்டித்தான். வெறும் காயிதம்தானேனு நான் சொன்னா எவன் நின்னு கேட்டான்? கத்திய பத்தி ஒரு பொய் சொன்னேன், கும்பல் கூடிப் போச்சு."

அந்த ஆள் வாழ்நாளில் சொன்ன ஒரே சத்தியவாக்கு அது. அதற்குத் தட்சிணை கொடுக்க யாரும் முன்வரவில்லை. கும்பல் பந்தலுக்குப் பின்னால் சின்னையனைத் தேடி ஓடியது. சின்னையன் அதற்கு முன்பே மாமல்லபுரம் திசையில் ஓடிக்கொண்டிருந்தான். ஜோதி போட்ட பிளாக்குகளை எல்லாம் விட்டுவிட்டு ஓடினான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

செல்லம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். ராமதாஸ் பயந்துகொண்டே அவளைப் பார்த்தான். எல்லப்பனை ஜெயித்தது பெரிதல்ல, இனி இவள் என்ன சொல்லப் போகிறாளோ அதுதான் பெரிது. அவள் குனிந்து பட்டுத்துணிமேல் இருந்த கிளியை விரலால் தொட்டாள். மை இன்னும் காயவில்லை. விரலில் ஊதா ஒட்டிக்கொண்டது.

"எங்க கல்யாணத்துக்குப் பத்திரிகையே கெடையாது" என்றாள் மெதுவாக. "வெத்தல பாக்கு வச்சு வாயால கூப்ட்டோம். அதுல கிளி ஏது, முதுகு ஏது? இருந்தும் அவரு போனாரு. நான் பாரு, இருவது வருசம் கழிச்சு ஒரு கட்டையாண்ட நாயம் கேக்க வந்துட்டேன்."

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இன்னா மாப்ள பாத்துகினு நிக்கறே? வூட்டுக்குப் போவ பஸ்ஸு இல்லியா? மிச்சம் பத்திரிகையெல்லாம் யாரு குடுக்கறது?"

'மாப்ள' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக ராமதாஸ் இன்னும் மூவாயிரம் பத்திரிகை கோத்திருப்பான். மிஷினை மிதிக்கிற காலுக்குச் சொந்தக்காரன் ஒப்புக்கொள்ள மாட்டான், அது வேறு விஷயம்.

படத்தையே எடுத்துவிட்டு வேறு பத்திரிகை அடிக்கலாம் என்று ராமதாஸ் சொன்னதற்குச் சம்பூர்ணம் சம்மதிக்கவில்லை. "கிளி இன்னா தப்புப் பண்ணுச்சு? இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பதில் கிளிகளுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்து ஓட்டினார்கள். ஏசுபாதம் மூன்றாம் தடவையாக மிதித்தான், நாலு இலைக்கு ஒப்பந்தம் பேசிக்கொண்டு. அந்த வரி இதுதான்: 'இந்தக் கிளிகள் எதையும் சொல்லவில்லை. எங்களிடம் ஒரு கிளிதான் இருக்கிறது.'

வைகாசியில் குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. செல்லம்மா பந்தியில் நின்று பரிமாறினாள். எல்லப்பன் மறுபடி கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டப் போய்விட்டார். கருங்குழிச் சுவரில் ஒட்டும்போது ஒருவர், "இந்தப் படம் இன்னா சொல்லுது அண்ணாத்த?" என்று கேட்டாராம். "டிக்கெட் வாங்கி உள்ள போ, சொல்லும்" என்றாராம். தொழிலில் நேர்மை வந்துவிட்டது.

ஆனால் கேட்கிற ஆள் இன்னும் இருக்கிறாரே, அவரை என்ன செய்வது? ஐயா, சுவரில் இருந்தாலும் பத்திரிகையில் இருந்தாலும் ஓட்டுப் பெட்டியில் ஒட்டியிருந்தாலும் படம் பேசாது. அது பேசுவதுபோல உங்களுக்குக் கேட்டால், பக்கத்தில் யாரோ பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். கிளியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் கையைப் பாருங்கள்.